இடது பெட்டி உரசுகிறது: ஃபோம் மாற்றி ஒன்பது வருடம்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மைத்துனன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய ஸ்பீக்கர் பெட்டி. வலை முகப்பைக் கழற்றி வைத்திருக்கிறான். வூஃபரை, அதாவது பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கரைச் சுற்றி இருக்க வேண்டிய ஃபோம் வளையத்தில் பாதியைக் காணோம். அந்தப் பாதி கீழே தரையில் கரும்பொடியாகக் கிடக்கிறது. "அத்தான், இதைச் சரி பண்ணலாமா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரலாமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. 2016-இல் இதே வேலையை என் பெட்டிகளுக்கு நானே செய்து, ஒன்பது வருடமாக அதன் பலனையும் பாவத்தையும் அனுபவித்து வருகிறேன். அவனுக்கு எழுத ஆரம்பித்தது இவ்வளவு நீண்டுவிட்டது.

என் பெட்டிகள் 1984-இல் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தபோது சிங்கப்பூரில் வாங்கி வந்தவை. 8 இன்ச் வூஃபர், 1 இன்ச் ட்வீட்டர், ஓட்டையே இல்லாத மூடிய பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் பெயர் பெற்ற பலரும் ஃபோம்தான் போட்டார்கள். வீடு தூத்துக்குடியில், கடலுக்கு வெகு பக்கம். ஜன்னல் கொக்கியே ஐந்து வருடம் தாங்காத ஊர். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஃபோம் போய்விட்டது. சித்தப்பா காரணம் பார்க்கவில்லை. "பாட்டு கரகரங்குது" என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிட்டார். நான் இறக்கித் தொட்டபோது வளையம் ஒரு பக்கம் உதிர்ந்தது, மறுபக்கம் விரலில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்தக் கறுப்பு இரண்டு நாள் நகத்தை விட்டுப் போகவில்லை.

பாலியூரித்தேன் ஃபோமின் ஜாதகம் அப்படி. பாலியெஸ்டர் வகை என்றால் காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுக்கும். அறுபடும்போது உண்டாகும் அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் சீக்கிரம் அறுக்கும். பாலியீதர் வகை ஈரத்தை ஓரளவு தாங்கும், வெளிச்சமும் ஆக்சிஜனும் அதற்கு எமன். பாட்டே போடாமல் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாலும் இரண்டும் உதிரத்தான் செய்யும். யாராவது "யூஸ் பண்ணவே இல்ல சார், புதுசு மாதிரி" என்று பழைய ஸ்பீக்கரைக் காட்டினால் முதலில் வலையைக் கழற்றி விளிம்பை விரலால் அமுக்கிப் பாருங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவில் குளிர்ந்த ஊர்களில் இருந்த பெட்டிகளுக்கும் இதே கதிதான்.

எனக்குக் கோபம் வருவது, ஃபோமுக்கு முன்பு விளிம்புக்குத் துணி இருந்ததே என்றுதான். அமெரிக்காவில் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏ.ஆர்.) கம்பெனியின் எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏ.ஆர். 1 என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். காற்றுப் புகாமல் மூடிவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே கோனுக்கு (அசைந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பு) ஸ்பிரிங்காக வைத்த பெட்டி. என்னுடையதும் அந்த வம்சம்தான். அதே கம்பெனியின் ஏ.ஆர். 3-இல் பூச்சு கொடுத்த துணி விளிம்பு இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அவற்றில் பல நொறுங்காமல் இருக்கின்றன. மேலே மறுபடி பூச்சு கொடுத்தால் ஓடும். அப்புறம் எதற்கு ஃபோம்?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கோனில் கிளம்பும் அதிர்வு விளிம்பு வரை ஓடிவந்து, அங்கே கெட்டியான எதிலாவது முட்டினால் திரும்பி உள்ளே ஓடும், பாட்டு கலங்கும். ஃபோம் அந்த அதிர்வை அங்கேயே விழுங்கிவிடும். எடையும் இல்லை, முன்னும் பின்னும் தாராளமாக விட்டுக்கொடுக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. முப்பது வருடம் கழித்து ஒருவன் பரணிலிருந்து இறக்குவான் என்று அவர்கள் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு மைக்செட் அண்ணாச்சியிடம்தான் கொண்டுபோனேன். கோயில் கொடை, கல்யாண வீடு என்று முப்பது வருடமாகக் காயில் என்ற கம்பிச் சுருளைக் கட்டி, கோன் மாற்றுகிறவர். வூஃபரைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு ஃபோமெல்லாம் நிக்காது. துணி எட்ஜ் போட்டுத் தாரேன், பேரன் காலம் வரைக்கும் ஓடும்" என்றார். அவர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. 15 இன்ச் மைக்செட் ஸ்பீக்கர் கொஞ்சம் அசைந்தாலே பந்தல் அதிரும். 8 இன்ச் வூஃபர் பேஸ் கொடுக்க வேண்டுமென்றால் நிறைய அசைய வேண்டும். முரட்டு விளிம்பு அதன் கையைக் கட்டிப்போட்டுவிடும். ரப்பர் வளையம் பெரும்பாலும் ஃபோமைவிடக் கனம், அதுவும் சுபாவத்தை மாற்றிவிடும். ஃபோம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப நீங்களே ஒட்டுங்க. எக்ஸ்ரே ஃபிலிம வெட்டிக் காயிலச் சுத்தி நாலு பக்கமும் சொருவணும். டஸ்ட் கேப்பக் கிழிக்காம மட்டும் வேலை பாக்காதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் (டஸ்ட் கேப் என்பது கோனின் நடுவிலுள்ள சின்ன மூடி). நான் மறந்துவிட்டேன்.

வளையம் வாங்குவதில் ஒரு தடவை ஏமாந்தேன். "8 இன்ச் ஃபோம் எட்ஜ்" என்று போட்டிருந்ததை நம்பி ஆர்டர் செய்தேன். 8 இன்ச் என்பது ஸ்பீக்கரின் வெளிச் சட்டத்தின் கணக்கு, அதை வைத்து எதுவும் தெரியாது. என் கோன் விளிம்புக்கு விளிம்பு 152 மி.மீ. வந்த வளையத்தின் உள்வாய் 150. சுற்றிலும் 1 மி.மீ. மட்டும் ஒட்டுவதற்கு இடம், அதில் என்ன நிற்கும்? திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். இரண்டாவது தடவை கோன், சட்டத்தின் உள், வெளி விட்டம், உருண்டைப் பகுதியின் அகலம் எல்லாம் அளந்து அனுப்பி, உள்வாய் 142 மி.மீ. உள்ளதாக வாங்கினேன். சுற்றிலும் 5 மி.மீ. கிடைத்தது. இரண்டு தடவையும் சேர்த்து 1,900 ரூபாய்.  

வேலையில் முக்கால்வாசி சுரண்டல்தான். சட்டத்தில் ஒட்டியிருப்பதை பிளேடால் வழிக்கலாம். கோனில் அப்படி முடியாது, காகிதம். மொபைல் சர்வீஸ் கடையில் வாங்கிய ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டு, ஊறவிட்டு, நகத்தால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். அதிகம் நனைத்தால் காகிதம் பொதுபொதுத்துவிடும். ஒரு கோனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பசை விஷயத்தில் எல்லோரும் செருப்புக் கடை மஞ்சள் பசையைச் சொன்னார்கள். வலுவானதுதான், ஆனால் தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், கோணலாக வைத்தால் கோணல்தான். நான் வெள்ளைப் பசைதான் போட்டேன். பத்து நிமிடம் வரை நகர்த்தலாம், காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. உள்வாயைக் கோனோடு ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மறுநாள் வெளிவிளிம்பைச் சட்டத்தில் ஒட்டித் துணிக்கு மாட்டும் கிளிப் இருபதைச் சுற்றி மாட்டினேன்.

அந்த வெளிவிளிம்பு ஒட்டும் நேரம்தான் எல்லாம். வாய்ஸ் காயில் காந்தத்தின் இடுக்குக்குள் எதையும் தொடாமல் ஏறி இறங்க வேண்டும், இரண்டு பக்கமும் மயிரிழைதான் இடம். வலது வூஃபருக்கு அண்ணாச்சி சொன்னபடியே செய்தேன். டஸ்ட் கேப்பை அறுத்து எடுத்து, அப்பாவின் பழைய மார்பு எக்ஸ்ரேயிலிருந்து வெட்டிய நான்கு பட்டைகளைச் சொருகினேன். கோன் கும்மென்று நடுவில் நின்றது. பசை காய்ந்ததும் பட்டைகளை உருவிவிட்டு கேப்பைத் திரும்ப ஒட்டினேன். அங்கேதான் சொதப்பல். கேப்பில் ஒரு சுருக்கம் விழுந்து, ஓரத்தில் பசை பளபளத்தது. முகத்தின் நடுவில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

அதைப் பார்த்துவிட்டு இடதுக்கு மனம் வரவில்லை. கேப்பைத் தொடாமல், வேறொரு வழி உண்டு என்று படித்ததைச் செய்தேன். பசை ஈரமாக இருக்கும்போதே போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, கோன் உரசாத இடத்தை விரலால் தேடி அங்கேயே நிறுத்துவது. தேடினேன், சத்தமில்லாமல் அசைந்தது, கிளிப் மாட்டினேன். காய்ந்ததும் கோனை நேராக அமுக்கிப் பார்த்தேன், உரசல் இல்லை. பார்க்கவும் கடையில் வாங்கியது போல அழகாக இருந்தது. அண்ணாச்சிக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ராத்திரி மறக்க முடியாதது. பெட்டியில் மாட்டியபின் வூஃபரை நான்கு விரலால் மெல்ல அமுக்கிவிட்டால், அது படக்கென்று திரும்புவதில்லை. அடைபட்ட காற்று இழுத்துப் பிடித்து, நிதானமாக மூச்சு விடுவது போல எழும்பி வருகிறது. ஃபோம் கிழிந்திருந்தபோது இது இல்லவே இல்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை அமுக்கிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பேஸ் வீட்டை அதிர வைக்கவில்லை, ஆனால் தம்புராவின் மந்தரம் தரையிலிருந்து வருவது போல இருந்தது. சித்தப்பா வந்து கேட்டுவிட்டு, "நான் வாங்கினப்பகூட இப்படிப் பாடலையே" என்றார். ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்றாலும் சந்தோஷமாக இருந்தது.

ஆறாவது வாரம் ஒரு தனி ஆவர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தேன். மிருதங்கத்தின் தொப்பியில், ரவை அப்பிய இடது பக்கத்தில், மணிக்கட்டை அழுத்திக் கொடுக்கும் கும்கி இருக்கிறதே, அந்த வழுக்கிப்போகும் நாதம் வரும்போதெல்லாம் இடது பெட்டியில் ஒரு "க்ர்ஸ்". காகிதத்தில் நகம் பட்ட மாதிரி. சினிமாப் பாட்டில் வராது, நாகஸ்வரத்தில் வராது, செய்தியில் வராது. கும்கியில் மட்டும் வரும். நேராக அமுக்கினால் உரசாத கோன், பாதி சாய்ந்து அசையும்போது உரசுகிறது. வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. மனைவி காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே" என்றாள். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்காமல் போய்விட்டது. வித்வான் அருமையாக அருதி என்ற முடிப்புக்குப் போய்க்கொண்டிருப்பார், நான் அடுத்த கும்கி எப்போது வரும் என்று பயந்துகொண்டிருப்பேன்.

2018-இல் ஒரு தந்திரம் தெரிந்தது. வருடக்கணக்காகச் செங்குத்தாக நிற்கும் வூஃபரில் கோனின் எடையால் பின்னாலுள்ள ஸ்பைடர் (கோனை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணி) கீழ்ப்பக்கமாகத் தொய்ந்திருக்கும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, வூஃபரை அரை வட்டம் திருப்பி மாட்டினால் அந்தத் தொய்வு மேலே போய்விடும். பத்து நிமிட வேலை. உரசல் சுத்தமாக நின்றது! நான்கு வருடம் நிம்மதி. 2022 மழைக்காலத்தில் திரும்ப வந்தது. மறுபடி திருப்பினேன், எட்டு மாதம்தான் தாங்கியது. இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் உரசுகிறது.

இந்த ஒன்பது வருடத்தில் வலது பெட்டி ஒரு நாள்கூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அதன் சுருங்கிய கேப்பை இப்போது நான் பார்ப்பதே இல்லை. இரண்டு ஃபோமும் இன்னும் முழுதாக இருக்கின்றன; ஆனால் போன மாதம் தொட்டபோது இடதில் லேசான பிசுபிசுப்பு. கறுப்பு ஒட்டவில்லை, ஒட்டப்போகிறது.

ஆக, 1,900 ரூபாய்க்கு இந்தச் சத்தம் வேறெங்கும் கிடைக்காது. நாள் முழுக்கக் கேட்டாலும் காது வலிக்காது. வேலையும் பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடியதுதான். இவ்வளவும் எழுதியபின் மைத்துனனுக்கு அனுப்பியது இரண்டே வரி: "மாப்ள, பேசாம பழைய இரும்புக்குப் போட்டுரு. அந்தக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டுப் புதுசா ரப்பர் விளிம்பு வச்சது வாங்கு." அவன் உடனே, "அப்ப நீங்க எதுக்கு நேத்து இன்னொரு செட் ஆர்டர் போட்டீங்க, அக்கா சொன்னா" என்று எழுதினான். பதில் போடவில்லை.

வளையம் வந்துவிட்டது, உள்வாய் 142, அளந்து பார்த்தேன். எக்ஸ்ரே பட்டைகள் நான்கும் மேஜை டிராயரில் அப்படியே இருக்கின்றன. இந்த ஈரத்தில் வெள்ளைப் பசை காயாது. மழை விடட்டும், பிளேடை எடுத்து முதலில் அந்தக் கேப்பை அறுக்கிறேன்.