ஆதார்: ஜெராக்ஸா, மாஸ்க்கா, விஐடியா, பூட்டா?

பழனியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டபோது, ரிசப்ஷனில் இருந்த பையன் என் ஆதார் அட்டையை மேஜையில் வைத்துத் தன் சொந்த போனில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று படம் எடுத்துக்கொண்டான். "ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் சார்." அவன் போனை மாற்றினால் என் அட்டையும் கூடவே கைமாறும். ஊருக்குத் திரும்பியதும் ஆதாரைக் கொடுக்கவும் காக்கவும் எனக்குத் தெரிந்த வழிகள் அத்தனையையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தேன்.

ஜெராக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எல்லா இடத்திலும் வாங்கிக்கொள்வார்கள், எந்த இடத்திலும் பத்திரமில்லை. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஓரத்து வெள்ளை இடத்தில் எழுதிப் பயனில்லை, மறு ஜெராக்ஸில் மறைத்துவிடலாம். எழுத்துகளின் மேலேயே குறுக்காக எழுத வேண்டும். காகிதத்தைவிட ஆபத்து, கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆதார் பிடிஎஃப் அனுப்பி பிரிண்ட் எடுப்பது. அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். அதையும் நாமே கடையில் சத்தமாகச் சொல்கிறோம்.

அடுத்தது மாஸ்க் ஆதார். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது ஒரு டிக் போட்டால் போதும், 12 எண்களில் முதல் எட்டு மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். இதற்குக் கெட்ட நேரம் 2022-இல் வந்தது. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் மே 27 அன்று, ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள், மாஸ்க் ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்றது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று மே 29 அன்று மத்திய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போனதே தவிர, வசதி அப்படியே இருக்கிறது. அடுத்த பயணத்தில் வேறொரு லாட்ஜில் இதை நீட்டினேன். "நம்பர் முழுசாத் தெரியணும் சார், இது செல்லாது" என்றார்கள். பத்து நிமிஷம் வாதாடிய பிறகு வாங்கிக்கொண்டார்கள். ஒன்று மறக்கக் கூடாது: இதில் எண் மட்டும்தான் மறைகிறது. பெயர், முகவரி, படம் எல்லாம் அப்படியே போகிறது.

விஐடி என்பது ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்கும் 16 இலக்கத் தற்காலிக எண். 2018-இல் வந்தது. புதிதாக ஒன்று எடுத்தால் பழையது செத்துவிடும், அதை வைத்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது. யோசனை என்று பார்த்தால் நான்கில் இதுதான் கெட்டிக்காரத்தனம். ஆனால் கவுன்டரில் நீட்டிப் பாருங்கள். "இதுல நாலு நம்பர் கூட இருக்கே?" ஆன்லைனில் நாமே டைப் செய்யும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றிலும் கவலையெல்லாம் எண்ணைப் பற்றித்தான். எனக்கு என்னவோ, நாம் தப்பான கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது. ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றே போதும். பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. எண் ஏற்கெனவே பத்து லாட்ஜில் கிடக்கிறது. கைரேகை? சொத்துப் பத்திரத்தில் உருட்டி வைத்திருக்கிறோம். 2018-இல் தெலங்கானாவில் ஒரு சிம் முகவர், நிலப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை அச்செடுத்து சிம்களை ஆக்டிவேட் செய்து மாட்டிக்கொண்டார். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், கட்டைவிரலை என்ன செய்வது?

அதனால் என் ஓட்டு பயோமெட்ரிக் பூட்டுக்குத்தான். அதே மைஆதார் தளத்தில் காசில்லாமல் செய்யலாம். பூட்டிவிட்டால் ரேகை, கருவிழி, முகம் எதைக் காட்டினாலும் சரிபார்ப்பு நடக்காது, ஓடிபி வழி மட்டும் திறந்திருக்கும். மாஸ்க் ஆதாரை நீட்டி லாட்ஜில் சண்டை போடுகிற என் நண்பர்களில் பாதிப் பேர் இதைச் செய்யவில்லை. பூட்டிய பிறகு மாஸ்க் ஆதாரைக் கொடுங்கள், வாங்காவிட்டால் குறுக்கே எழுதிய ஜெராக்ஸ். பணம் ஏற்கெனவே போயிருந்தால் இதெல்லாம் பிறகு, முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

பூட்டில் ஒரே தொல்லை ரேஷன் கடை. அம்மாவின் கார்டில் அவர் ஒருவர்தான். பூட்டிய முதல் மாதம் மெஷின் விரலை ஏற்கவில்லை, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இப்போது கடைக்குக் கிளம்பும்போதே போன் வந்துவிடும்: "டேய், என் விரலைத் தெறந்து விடு." நான் திறக்க முயல்வேன், ஓடிபி அவர் போனுக்குப் போகும். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதனால் ஒவ்வொரு மாதமும் "நீதானாடா பேசுறே?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொல்வார்.