இலவச மென்பொருளுக்கு 2,400 வெள்ளி கட்டினோம், நீங்கள் கட்டாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிள்ளைகளை ஏஐ (செயற்கை நுண்ணறிவு), மெஷின் லேர்னிங் (தரவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்வது) என்று படிக்க வைத்துக்கொண்டிருக்கும் எல்லாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்களை ஏமாற்றிய பயிற்சி மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. பெயரைச் சொன்னால் நாளைக்கே பலகையை மாற்றிவிட்டு வேறு ஊரில் கடை போடுவார்கள், ஆனால் ஏமாற்றும் முறை மாறாது. அந்த முறையைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தம்பி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கிறான். செம்பனைக் குலையைக் கைப்பேசியில் படம் எடுத்தால் அது பழுத்ததா, காயா என்று கணினி சொல்ல வேண்டும், இதுதான் அவனுடைய புரொஜெக்ட். எங்கள் அப்பா முப்பது வருடமாகக் குலை வெட்டுகிறவர். பழுத்த குலை என்றால் குறைந்தது 10 பழமாவது உதிர்ந்த குழி தெரிய வேண்டும் என்பது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் கணக்கு, அப்பா அதை எண்ணவே மாட்டார், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே சொல்லிவிடுவார். அந்தக் கண் அப்பாவோடு போய்விடக் கூடாது என்று தம்பிக்கு ஆசை.

போன ஜனவரியில் கடைவீதியில் ஒரு மாடிக் கடையில் இருந்த பயிற்சி மையத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சிஸ்டர், இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பிள்ளைகள் பழகிப் பார்க்கத்தான், உண்மையான வேலைக்கு ஆகாது, வைரஸ் வரும், அதில் செய்த புரொஜெக்ட்டைக் கம்பெனிக்காரன் மதிக்க மாட்டான்" என்றார். அவர்களே எழுதிய மென்பொருளாம், 2,400 வெள்ளி, வருடா வருடம் புதுப்பிக்க 600. ஒரு செயல்விளக்கமும் காட்டினார்: 150 பூக்கள், 3 வகை, இதழின் நீள அகலத்தை வைத்து எந்த வகைப் பூ என்று மென்பொருள் சரியாகச் சொன்னது. தங்கள் ஆராய்ச்சிக் குழு சேகரித்த தரவு என்றார். எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரிந்தது. அம்மா கூட்டு (சீட்டு) கட்டி எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொடுத்து நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பென்டிரைவில் கொடுத்தார்கள். திறந்தால் அவர்கள் சின்னம் வரும், சாவி எண் கேட்கும், அப்புறம் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும். தம்பி மூன்று வாரம் தோட்டத்தில் அலைந்து நானூறு படம் எடுத்து ஏற்றினான். ஏற்றிய அன்றே சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் நிறையப் பிழைச் செய்தி வந்தது. கூப்பிட்டுக் கேட்டால், ஆதரவு வேண்டுமானால் தனியாகக் கட்ட வேண்டும், அதோடு படம் என்றால் ஜிபியு (படக் கணக்குகளை வேகமாகப் போடும் கணினிச் சில்லு) தொகுப்பு ஒன்று வாங்க வேண்டும், 1,200 வெள்ளி என்றார்கள்.

நல்ல வேளை, அவன் அந்தப் பிழைச் செய்தியை அப்படியே விரிவுரையாளரிடம் காட்டினான். அவர் கோப்புகளின் பாதையை மட்டும் விரலால் காட்டி, "இதில் என்ன பெயர் இருக்கிறது, படி" என்றாராம். எஸ்கேலேர்ன் என்று இருந்தது. அதாவது சைக்கிட்-லேர்ன், 2007-ல் தொடங்கிய, உலகம் முழுக்கக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும், பைத்தான் என்ற நிரல் மொழிக்கான மெஷின் லேர்னிங் தொகுப்பு. பிரவுசரில் திறந்த பக்கம் ஜூபிட்டர் நோட்புக், நிரலை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் கருவி, அதுவும் இலவசம். அந்த 150 பூக்கள்? ஐரிஸ் தரவு. ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1936-ல் வெளியிட்டது, சைக்கிட்-லேர்னை நிறுவினால் அதோடு சேர்ந்தே வருவது. அதைத்தான் தங்கள் ஆராய்ச்சி என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். பணத்தைவிட எனக்கு வலித்தது இதுதான்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகுப்புகள் பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன, அதன்படி அவற்றை விற்பது குற்றமில்லை. வேறு உறையில் போட்டுக் காசு வாங்கலாம், நிறுவிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, அதற்கு 300 வெள்ளி என்றிருந்தால் நானே சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஆனால் உருவாக்கியவர்களின் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டும். எங்கள் பென்டிரைவில் அந்தக் கோப்புகள் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "நாங்களே எழுதியது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை தம்பியும் நானும் உட்கார்ந்து பைத்தானையும் சைக்கிட்-லேர்னையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி நிறுவினோம். தோட்டத்து இணைய லைன் மெதுவானது, அப்படியும் இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அதே நோட்புக் அதே விடையைக் கொடுத்தது, சாவி எண் கேட்கவில்லை. படங்களுக்கு இப்போது பைடார்ச் என்ற இன்னொரு மெஷின் லேர்னிங் தொகுப்பைப் பயன்படுத்துகிறான். ஃபேஸ்புக் வெளியிட்டது, 2022-லிருந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பின் கையில் இருக்கிறது, காசு கிடையாது. 1,200 வெள்ளிக்கு விற்கப் பார்த்தார்களே ஜிபியு, அதைப் பிரவுசரிலேயே நிரல் ஓட்ட உதவும் கூகுள் கோலாப் இலவசமாகவே தருகிறது. எப்போதும் கிடைக்கும் என்று உறுதியில்லை, அதிகம் போனால் 12 மணி நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும், அதனால் நடுநடுவே சேமிக்க வேண்டும். அதே மாதிரியான காகிள் தளத்தில் கைப்பேசி எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தால் அங்கேயும் வாராவாரம் ஜிபியு நேரம் கிடைக்கும். நானூறு படத்துக்கு இது தாராளம்.

இதனால் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எல்லாம் ஏமாற்று என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் காசுக்குத்தான் வருகிறது, பொறியியல் துறையில் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் முதலில் உங்கள் கல்லூரியில் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மாணவர் விலை தனியாக உண்டு, கணக்குப் பழக மட்டும் என்றால் அதே மாதிரியான ஆக்டேவ் இலவசம். இலவசம் என்று சொல்வதிலும் நிபந்தனை இருக்கும். பைத்தானையும் அதன் தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் அனகோண்டாவைத் தனி ஆள் சும்மா பயன்படுத்தலாம், 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் அதன் தொகுப்புகளை எடுத்தால் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் தோட்டத்து மேனேஜர் தம்பியின் வேலையைப் பார்த்துவிட்டு, இதை ஆப் ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார், அப்போதுதான் இந்த உரிம விஷயத்தை இன்னும் கவனமாகப் படித்தோம். படத்தில் குலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பலரும் எடுக்கும் அல்ட்ராலிட்டிக்ஸ் யோலோ என்ற மென்பொருள் ஏஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. நம்முடைய நிரலையும் திறந்து கொடுத்தால் காசில்லை, மூடி வைத்து விற்க வேண்டும் என்றால் தனி உரிமம் வாங்க வேண்டும். இதையெல்லாம் அந்த மாடிக் கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆகவே யாராவது "எங்கள் சொந்த ஏஐ மென்பொருள்" என்று விற்க வந்தால், உள்ளே என்னென்ன தொகுப்பு இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உரிமக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செயல்விளக்கத்தை அவர்கள் தரவில் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் படத்தைக் கொடுத்து, உங்கள் கண் முன்னால் ஓட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் சிஸ்டர், ரீஃபண்ட் கிடையாது" என்று போனை வைத்துவிட்டார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். படிவம் 1, 5 வெள்ளி கட்டணம், வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், சம்பவம் நடந்து 3 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் இதே மாதிரி பென்டிரைவ் வாங்கியவர்கள் இருந்தால் ரசீதையும் பென்டிரைவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். படிவம் மலாயில் இருக்கிறது, நிரப்பச் சிரமமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன், கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.