டர்பனில் ஒரு சனிக்கிழமை கிரிக்கெட் வகுப்பு: யார் வந்தாலும் இடம் உண்டு

ஃபீனிக்ஸ் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் இந்த வகுப்பில் டிரையல்ஸ், அதாவது ஆட்டம் பார்த்து ஆள் எடுக்கும் தேர்வு, கிடையாது. பேர் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதம் 450 ராண்ட். மட்டை, பந்து எல்லாம் அவர்களே தருகிறார்கள்.

மகனை இங்கே சேர்த்ததற்குக் காரணம் அவன் பள்ளி டிரையல்ஸ்தான். ஆளுக்கு ஆறு பந்து போடச் சொல்லி அணியை முடிவு செய்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பள்ளி விளையாட்டு வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். என் மகன் நவம்பரில் பிறந்தவன். ஜனவரியில் பிறந்த பையன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவன், ஒரு சாண் உயரமும் கூட. பத்து வயதில் அந்தப் பத்து மாதம் சின்ன விஷயமா? போதாக்குறைக்கு இவன் போடுவது இடது கை சுழல். தென்னாப்பிரிக்க அணியின் இடது கை சுழல் வீச்சாளர் சேனுரன் முத்துசாமிமேல் அத்தனை பைத்தியம். நம்ம பெயர் வைத்திருக்கும் டர்பன் பையன், 2019-இல் விசாகப்பட்டினத்தில் தன் முதல் டெஸ்ட் விக்கெட்டாகக் கோலியையே எடுத்தவர், பிடிக்காமல் இருக்குமா! ஆனால் சுழல் கைக்கு வர வருஷங்கள் ஆகும். ஆறு பந்தில் வேகம்தான் கண்ணில் படும்.

இந்த வகுப்பில் எனக்குப் பிடித்தது ஜோடி ஆட்டம். அணிக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு ஓவர் பேட்டிங். அவுட் ஆனால் வெளியே போக வேண்டாம், அணியின் கணக்கில் ஐந்து ரன் குறையும், அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் பந்து போட்டே ஆகவேண்டும். பேருக்குச் சேர்த்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நிற்கவைக்கும் வேலையே இல்லை. நன்றாக ஆடுகிற பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் சலிப்பு வரத்தான் செய்யும். ஒரு பையனின் அப்பா வாராவாரம் முணுமுணுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பதின்மூன்று வயதுக்கு மேல் என்றால் தேர்வு வைத்து அணி எடுக்கட்டும், நானே ஆதரிப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. கோச் இரண்டே பேர். முப்பது பிள்ளைகள் வருகிற நாளில் நெட்ஸில் (வலைப் பயிற்சியில்) வரிசை நீண்டுவிடுகிறது, பாதிப் பேர் புல்லைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரையும் சேர்ப்பதென்றால் அதற்கேற்ப ஆளும் போட வேண்டாமா? இங்கே கோடையில்தான் மழை, கிரிக்கெட்டும் கோடையில்தான். ரத்துச் செய்தி வாட்ஸ்அப்பில் வருவதற்குள் நாம் பாதி வழி வந்திருப்போம். காசும் திரும்பாது. கழிப்பறை பரவாயில்லை. நிழல் மட்டும் போதாது, தொப்பி கொடுத்து அனுப்புங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அடுத்த டிரையல்ஸுக்குப் பள்ளியிலும் போய் நிற்கப்போகிறானாம். போகட்டும், சனிக்கிழமை இங்கே வருவதும் நிற்காது. இவர்கள் கட்டணத்தை ஏற்றாமல் இருந்தால் சரி.