ஊட்டி, குன்னூர் குழாய்த் தண்ணீருக்கு எந்த மெஷின்? ஆர்ஓவும் யூவி–யூஎஃப்பும் ஒரு பார்வை

கடலோரப் புறநகரில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மில்லிகிராம் அளவு) 1,000, 1,500 என்று சாதாரணமாக ஏறி நிற்கும். கடல்நீர் உள்ளே புகுந்த இடமென்றால் அதற்கும் மேல். குழாய் முனையில் வெள்ளைப் பொருக்கு கட்டும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேக நேரம் பிடிக்கும். மெம்பிரேன் என்னும் மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரைத் தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மெஷின் அந்தத் தண்ணீருக்கு நியாயமான பொருள். நீலகிரிக் கடைகளிலும் அதையேதான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு அது தேவையில்லாத செலவு. புற ஊதாக் கதிரால் (யூவி) கிருமியைக் கொன்று, நுண்துளை இழைகளால் (யூஎஃப்) வடிகட்டும் யூவி–யூஎஃப் மெஷின் போதும்.

ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை என்று நமக்கு வருவது மழைத் தண்ணீர். மலையில் சுண்ணாம்புப் பாறை கிடையாது. அதனால் ஓடை, அணைத் தண்ணீரின் டிடிஎஸ் பெரும்பாலும் 100க்குள்தான் இருக்கும். குடிநீர் தர நிர்ணயமான ஐஎஸ் 10500 டிடிஎஸ்ஸுக்கு 500, கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. இரண்டிலும் நம் தண்ணீர் வெகு கீழே. 500க்குக் குறைவான இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் உத்தரவிட்டது.

மீறி மாட்டினால் என்ன ஆகும்? 60 டிடிஎஸ் தண்ணீர் 10க்குக் கீழே இறங்கிச் சப்பென்று ஆகிவிடும். ஒரு லிட்டர் குடிக்க சுமார் 3 லிட்டர் சாக்கடைக்குப் போகும். சில நாளுக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில் இது பெரிய அநியாயம். குளிரும் சேர்ந்துகொள்ளும். அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு 25 டிகிரித் தண்ணீருக்கானது. ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் மெம்பிரேன் தள்ளும் அளவு ஏறத்தாழ 3 சதவீதம் குறைகிறது. மார்கழியில் தொட்டித் தண்ணீர் 10 டிகிரிக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

விற்பவர் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு, அது பழுப்பாவதைக் காட்டினால் நம்ப வேண்டாம். கரைவது கம்பியின் இரும்பு. உப்பு கூடுதலாக உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், நிறமும் அதிகமாக வரும். அவ்வளவுதான். டிடிஎஸ் மீட்டரும் கிருமியைக் காட்டாது. 40 என்று காட்டும் தண்ணீரில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கலாம்.

நமக்கு உண்மையான ஆபத்து அங்கேதான். விட்டு விட்டு வரும் குழாயில் தண்ணீர் நின்றதும் உள்ளே வெற்றிடம் உண்டாகும். சாக்கடை ஓரம் போகும் பைப்பில் கசிவு இருந்தால் வெளி அழுக்கு உள்ளே இழுக்கப்படும். ஆகவே தண்ணீர் விட்டதும் முதல் சில நிமிடம் வருவதைத் தொட்டியில் ஏற்றாமல் செடிக்கு விடுங்கள். மழைக்காலத்தில் செம்மண் கலங்கல் வேறு. இன்னொன்று, கடினத்தன்மை இல்லாத, லேசாகப் புளிப்பு ஏறிய தண்ணீர் பழைய ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை) அரிக்கும், காலையில் முதலில் சிவப்பாக வருவது அந்தத் துருதான்.

யூவி–யூஎஃப் மெஷின் இந்தப் பிரச்சினைகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் முன்னால் ஒரு 10 அங்குல வடிகட்டி தனியாக மாட்டினால்தான். அதற்குள் போட 5 மைக்ரான் ஸ்பன் கேட்ரிட்ஜ் (மாற்றிப் போடக்கூடிய வடிகட்டி உருளை) போதும். கலங்கல் அதிகமான தெருவில் அதற்கு முன் 20 மைக்ரான் ஒன்று. மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒன்று மாற்றத் தயங்காதீர்கள், விலை அற்பம். இதை விட்டுவிட்டால் மண் துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொள்ளும், யூவி கதிர் அதன்மேல் படாது. விளக்கை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீல வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் வீரியம் தேய்ந்திருக்கும். அப்போதே கண்ணாடி உறையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றால் துருக்கறையைத் துடைக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ஆட்கள் பலர் இதைச் செய்வதில்லை.

கரன்ட் போனால் யூவி வேலை செய்யாது. யூஎஃப் மட்டும் பாக்டீரியாவைத் தடுக்கும். வைரஸ் முழுவதும் நிற்கும் என்று நம்பக் கூடாது. அந்த நேரம் காய்ச்சுங்கள். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எனவே தளதளவென்று கொதி வந்த பிறகு 3 நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்குக் கீழே உள்ள குன்னூரில் 1 நிமிடம் போதும்.

வாங்குமுன் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். தகரக் கூரை மட்டத்தில், 10 அடி உயரத்தில் இருக்கும் தொட்டி 0.3 கிலோ அழுத்தம்தான் கொடுக்கும். பல மெஷின்கள் அதில் நூலாக ஒழுகும், பம்ப் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மெஷினுக்குள் இருக்கும் கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால் மெஷின் தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை; இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். உறைபனி படும் வெளிச்சுவரில் மாட்டவே கூடாது, யூஎஃப் இழைகள் உறைந்தால் வெடித்துப் போகும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் காட்டேஜில் அவை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) பாட்டில் சோதனை எளிது. தண்ணீரில் மலக்கிருமி கலந்திருந்தால் கறுக்கும். ஆனால் நம் குளிரில் கிருமி மெதுவாகப் பெருகும், 24 மணி நேரத்தில் நிறம் மாறவில்லை என்று நிம்மதியடையாதீர்கள். எரியும் பல்பு பக்கத்தில் 30 டிகிரி வாக்கில் வைத்து 48 மணி நேரம் பாருங்கள்.

ஆர்ஓவுக்கு இங்கே நியாயம் உள்ள இடம் ஒன்று உண்டு. கேரட், உருளைத் தோட்டத்துக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்கள் நைட்ரேட் சோதித்தாக வேண்டும், வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். தாண்டினால் யூவியும் கார்பனும் அதைத் தொடாது, காய்ச்சினால் இன்னும் செறிவாகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் சோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைப் பால் பவுடர் கலக்கப் பயன்படுத்த வேண்டாம்.