லாரன்ஸுக்கு எந்தப் பெட்டி?

டேவிட் லீன் 1962-இல் எடுத்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ படத்தின் தட்டுகளைச் சேகரிப்புக்காக வாங்க நினைப்பவர் மூன்று பதிப்புகளுக்கு நடுவில் தடுமாறுவார். ஐம்பதாம் ஆண்டையொட்டி 2012-இல் சோனி வெளியிட்ட பெரிய பெட்டி ஒன்று. 2020-இல் ஆறு படங்களைச் சேர்த்து வந்த ‘கொலம்பியா கிளாசிக்ஸ்’ முதல் தொகுதி இன்னொன்று. 2022-இல் அறுபதாம் ஆண்டுக்காக வந்த ஸ்டீல்புக், அதாவது தகர உறைப் பதிப்பு, மூன்றாவது. மூன்றுக்கும் அடிப்படை 2012-இல் முடிந்த அதே மறுசீரமைப்புதான். மூல நெகட்டிவை 8கே நுணுக்கத்தில் (அகலவாக்கில் சுமார் எட்டாயிரம் புள்ளிகள்) வருடி, அதாவது ஸ்கேன் செய்து, பாலைவன வெப்பத்தில் படலத்தில் விழுந்திருந்த வெடிப்புகளைக்கூடக் கணினியில் அழித்த வேலை அது.

2012 பெட்டியை மடியில் வைத்தாலே கனம் தெரியும். மூன்று புளூ-ரே தட்டுகள், படத்துக்கு மோரிஸ் ஜார் அமைத்த இசையின் குறுந்தட்டு, அரிய புகைப்படங்கள் கொண்ட 88 பக்கப் புத்தகம், எண்ணிட்ட அட்டையில் ஒற்றை 70 மி.மீ. பிலிம் சட்டகம். கடைசியாகச் சொன்னதற்காகத்தான் நான் வாங்கினேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வழக்கமாக இத்தகைய பெட்டிகளில் வரும் அஞ்சலட்டைகளும் சுவரொட்டி நகல்களும் படத்தைப் பற்றியவை, அவ்வளவே. இந்தச் சட்டகமோ படத்தின் வடிவத்தையே கையில் தருகிறது. 65 மி.மீ. நெகட்டிவில் படமாக்கி 70 மி.மீ. பிரதிகளில் திரையிட்ட படம் இது. கூடுதல் ஐந்து மில்லிமீட்டர், காந்த ஒலித்தடங்களுக்கான இடம். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், வழக்கமான 35 மி.மீ. சட்டகத்தைவிட இது எவ்வளவு பெரியது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். 227 நிமிடப் படத்தில் இப்படி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சட்டகங்கள். அவற்றுள் எது உங்களுக்கு வாய்க்கும் என்பது சீட்டுக் குலுக்கல். லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ’டூலின் நீலக் கண்கள் வரலாம். வெறும் மணலும் வரலாம். எனக்கு வந்தது மணல். இந்தப் படத்தில் மணலுக்கும் நாயக வேடம்தானே என்று தேற்றிக்கொண்டேன்.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தட்டு புளூ-ரே. 8கே-யில் வருடியதை 1920-க்கு 1080 புள்ளிகளுக்குள் அடக்கியாக வேண்டும். கிணற்றடிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கானல் நீருக்குள்ளிருந்து ஒரு கரும்புள்ளி நடுங்கிக்கொண்டே வளர்ந்து, ஒட்டகத்தில் அமர்ந்த ஓமர் ஷெரீஃப் ஆகிறது. அந்தப் புள்ளி முதலில் எப்போது கண்ணில் படுகிறது என்பதில்தான் காட்சியின் அச்சமே இருக்கிறது. பெரிய திரையில் புளூ-ரேயையும், மற்ற இரண்டு பதிப்புகளில் உள்ள 4கே தட்டையும் (புளூ-ரேயைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள்) அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். 4கே-யில் அது முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. நினைவுப் பொருட்கள் அதிகம் உள்ள பெட்டியில்தான் படம் பின்தங்கி நிற்கிறது.

அந்த 4கே தட்டை 2020-இல் தனியாக வாங்க வழியில்லை. ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’, ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, ‘காந்தி’, ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’, ‘ஜெர்ரி மகுவையர்’ ஆகிய ஐந்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஓர் இட்லிக்காக முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிய கதை. ‘காந்தி’யும் ‘லாரன்ஸு’ம் ஒரே பெட்டியில் இருப்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது: பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்தவர் ஒருவர், அதற்காகப் போர் செய்துவிட்டு மனம் நொந்தவர் இன்னொருவர். கெட்டி அட்டைப் புத்தகமும் உண்டு. ஆனால் 80 பக்கத்தை ஆறு படங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்குப் பதின்மூன்று பக்கத்துக்குச் சற்று மேல்தான் தேறும். ஆறும் உங்களுக்கு வேண்டியவை என்றால் தாராளமாக வாங்கலாம்; லாரன்ஸ் மட்டும் போதும் என்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஸ்டீல்புக் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதே 4கே படம், தனியாக. 4கே-யில் படம் இரண்டு தட்டுகளாகப் பிரிகிறது. பிரியும் இடம் இடைவேளை. எழுந்து தட்டு மாற்றுவது சலிப்பாக இருக்கும் என்றுதான் எண்ணினேன். இடைவேளைக்காகவே கட்டமைத்த படத்தில் அது பொருத்தமாகவே அமைகிறது. காபி போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் உறையைத் திறந்தால் புத்தகமில்லை, சட்டகமில்லை. தகரம் அலமாரியில் மினுங்கும், தபாலில் நசுங்கும். எனக்கு முதலில் வந்தது முதுகில் பள்ளத்துடன் வந்தது. மாற்றிக் கேட்டபோது மூலையில் பள்ளத்துடன் இன்னொன்று வந்தது. மூன்றாவதைக் கேட்கத் துணிவில்லை.

இன்னொரு நடைமுறைச் செய்தி: 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு (ஒரு மண்டலத்தில் விற்ற தட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி தடுப்பது) கிடையாது. புளூ-ரேக்கு இருக்கக்கூடும், இந்தியா ‘சி’ மண்டலம், அமெரிக்கா ‘ஏ’ மண்டலம். வெளிநாட்டுப் புளூ-ரே வாங்குமுன் உங்கள் பிளேயரில் ஓடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்டீல்புக்கைத்தான் சொல்வேன். படம் பார்ப்பதற்குத்தானே எல்லாமும். ஆனால் என் வீட்டில் விருந்தினர் கையில் எடுத்துக் கொடுப்பது 2012 பெட்டியைத்தான். பழைய பெட்டி எங்காவது விற்பனைக்கு வந்தால், தட்டுகளில் கீறல் உண்டா என்று கேட்பதற்கு முன், அந்தப் பிலிம் சட்டகம் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள்.