ப்ரோவா ஓட்டிய அனுபவம்: மற்றதெல்லாம் சரி, சுக்கான்தான்

ப்ரோவா கட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு நீண்ட உடலும், அதன் ஒரு பக்கம் மட்டும் சிறு மிதவையும், எந்த முனையும் முன்முனையாக மாறக்கூடிய அமைப்பும் கொண்ட பாய்ப்படகுதான் ப்ரோவா. வேறொரு நாளில் கேட்டிருந்தால் ஒரே வரியில் 'கட்டுங்கள்' என்று சொல்லியிருப்பேன். இன்று சுக்கானின் அலகை (நீரில் இறங்கும் பலகை) பிடித்துவைக்கும் பெட்டியின் விரிசலைத் தேய்த்தெடுத்து, கண்ணாடியிழை வைத்து எபாக்சி பூசிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

என் படகு ஏழு மீட்டர் நீளம், மரைன் பிளைவுட், நண்டுக்கொடுக்கு வடிவப் பாய். பசிபிக் வகை. அதாவது அமா என்கிற பக்கமிதவை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே இருக்கும். அமாவை எதிர்ப்பக்கம் வைக்கும் அட்லாண்டிக் வகையும் உண்டு. டிக் நியூவிக் வடிவமைத்த 'சியர்ஸ்' 1968 அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது அந்த வகைதான். அதை நான் ஓட்டியதில்லை, எனவே அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செலவிட்ட மரத்துக்கும் உழைப்புக்கும் இவ்வளவு வேகம் தரும் படகு வேறெதுவும் எனக்குத் தெரியாது. இரு பக்கமும் மிதவை உள்ள ட்ரைமரானில் காற்று அழுத்தும்போது எதிர்ப்புற மிதவை மொத்தப் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். அதனால் அது பெரிதாகும், அதைப் பிடிக்கும் குறுக்குச் சட்டமும் கனக்கும். ப்ரோவாவில் அமா வெறும் எதிர் எடை. அமாவும் அதன் மேல் உட்கார்ந்த ஆளும் சேர்ந்து 150 கிலோ, நடு உடலிலிருந்து 3 மீட்டர் தள்ளி என்று வைத்தால், பாயின் சாய்ப்பை எதிர்த்து நிற்கும் திருப்புவிசை 150 × 3 = 450 (கிலோ × மீட்டர் கணக்கில்) கிடைக்கிறது. விசை ஒரே பக்கம்தான் வரும் என்பதால் பாய்மரத்துக்கான முக்கியக் கயிறுகளையும் அந்த ஒரு பக்கம் கட்டினால் போதும். மைக்ரோனீசியத் தீவுக்காரர்கள் ஆணி இல்லாமல், தேங்காய் நாரில் கட்டியே இதை நடத்திக் காட்டியவர்கள். எபாக்சி வைத்திருக்கும் நாம் பெருமைப்பட அதிகமில்லை.

நான் எதிர்பார்க்காத சுகம் ஷண்ட் செய்வதில், அதாவது படகைச் சுற்றித் திருப்பாமல் முன்முனையையும் பின்முனையையும் இடம் மாற்றிக்கொள்வதில், கிடைத்தது. மற்றப் பாய்ப்படகுகளைத் திருப்பும்போது பாய் படபடக்கும், கீழ்ச்சட்டம் தலைக்கு மேல் வீசும், பாதியில் நின்றுவிடுமோ என்று வயிறு கலங்கும். ப்ரோவாவில் பாய்க்கயிற்றைத் தளர்த்தினால் படகு நின்றுவிடுகிறது. காற்றுக்குக் குறுக்காக, அமாவைக் காற்றின் பக்கம் காட்டிக்கொண்டு அப்படியே மெல்ல ஒதுங்கும். பாயின் முன்மூலையை அவிழ்த்து மறுமுனைக்கு நடத்திக் கொண்டுபோக வேண்டும். பாய்மரமும் கூடவே மறுபக்கம் சாயும். கயிற்றை இழுத்தால், இதுவரை பின்பக்கமாக இருந்தது முன்பக்கமாகிப் படகு கிளம்பும். அவசரமே இல்லை. பெருங்காற்றிலும் இப்படி நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இந்த நிதானத்துக்காகவே இந்தப் படகு எனக்குப் பிடித்துப்போனது.

இத்தனை அழகான காரியத்தின் நடுவில்தான் சுக்கான் வந்து நிற்கிறது.

முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறுவதால் இரண்டு முனையிலும் சுக்கான் வேண்டும். பின்னால் இருப்பது நீரில், முன்னால் இருப்பது மேலே. ஒவ்வொரு ஷண்டிலும் ஒன்றை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். ஏற்றும் கயிறு பாசியிலோ மணலிலோ சிக்கி ஒரு நொடி தாமதித்தால் போதும், படகு கிளம்பிவிடும். சுக்கான் அலகின் அச்சு அதன் தடித்த முன்விளிம்புக்கு அருகில் இருக்கிறது. நீர் எதிர்த்திசையிலிருந்து வந்தால், மெல்லிய பின்விளிம்பே முன்னால் போய்விடும். அழுத்தம் அச்சுக்கு முன்னால் விழும். அலகு தானாகவே குறுக்கே திரும்பிக்கொள்ளும், கைப்பிடி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், அந்த முறுக்கை எல்லாம் பெட்டி வாங்கும். என் பெட்டி பிளந்தது இப்படித்தான். முதல் தடவையும் அல்ல.

அச்சை நடுவில் வைத்து, இரு விளிம்பும் ஒன்றாக இருக்கும் அலகைச் செய்யலாமே என்பார்கள். அதுவும் எந்தத் திசையில் போனாலும் கையை மீறித் திரும்பத்தான் பார்க்கும். ஆழமில்லாத இடத்தில் தட்டினால் மடங்கும்படி செய்வது வழக்கமான தீர்வு. இங்கே அது இரு திசையிலும் மடங்க வேண்டும், ஷண்டின்போது படகு எந்தப் பக்கம் நழுவும் என்று சொல்ல முடியாதே. இரண்டு சுக்கானும் மேலே இருக்கும் இடைவெளியில் படகு சுழன்று, காற்று தப்பான பக்கத்திலிருந்து பாயைப் பிடித்தால் இன்னும் மோசம். அமா அமுங்கும், பாய்மரத்தைத் தாங்க அந்தப் பக்கம் கயிறும் இல்லை.

உலகில் மிக வேகமாகப் போன பாய்க்கலத்தைப் பாருங்கள். 2012-இல் நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் பால் லார்சன் ஓட்டிய 'சேல்ராக்கெட் 2', 500 மீட்டர் தூரத்தில் சராசரி 65.45 நாட் (மணிக்கு ஏறத்தாழ 121 கி.மீ.). அதுவும் ஒரு பக்கமே காற்று வாங்கும் கலம், ஆனால் ஷண்ட் செய்யாது. ஓடி முடித்ததும் அதை இழுத்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். சுக்கான் சிக்கலை அவர்கள் தீர்க்கவில்லை, தொடவே இல்லை.

ஆனால் ப்ரோவா என்றாலே இப்படித்தான் என்று எழுதிவிட்டுப் போவதும் அநியாயம். ரஸல் பிரவுன் கட்டிய 'ஜெஸெரோ' என்ற ப்ரோவாவை ரயன் ஃபின் 2022-இல் நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாளாகக் கொண்டுபோனார். அதுவும் எதிர்க்காற்றுத் திசையில். கவனமாகச் செய்தால் சுக்கானும் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எனக்குக் கோபம் என் படகின் வரைபடத்தின் மேல்தான். பாய்க்கு எத்தனையோ பக்கங்கள் ஒதுக்கிய வடிவமைப்பாளர் சுக்கான் பெட்டியை ஒரே படத்தில் முடித்திருக்கிறார். முறுக்கு எங்கே விழும் என்பதற்கு ஒரு அம்புக்குறி கூட இல்லை.

எனவே நண்பருக்கு என் பதில்: கட்டாதீர்கள். ஏழு மீட்டரில், இரண்டு சுக்கான் வைத்து, என்னுடையதைப் போலக் கட்டாதீர்கள். என்னுடையதை விற்பேனா என்றும் கேட்டிருந்தார். விற்க மாட்டேன்.

கட்டியே தீருவேன் என்றால் ஐந்து மீட்டருக்குள் கட்டுங்கள். அந்த அளவுக்குச் சுக்கானே வேண்டாம், நீளமான ஒரு துடுப்பு போதும். காற்று வராத பக்கம், பின்முனையில் உடலோடு அணைத்துப் பிடித்தால் நீரின் அழுத்தமே அதை அங்கே நிறுத்திவைக்கும். ஷண்ட் செய்யும்போது கையில் எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்தால் ஆயிற்று. மீதித் திருப்பத்தைப் பாய்க்கயிறு பார்த்துக்கொள்ளும்: இழுத்தால் காற்றை நோக்கி ஏறும், விட்டால் விலகும். நீங்கள் முன்னும் பின்னும் நகர்ந்து உட்கார்ந்தாலும் திரும்பும். துடுப்புக்கு மட்டும் நல்ல மரமாகப் பாருங்கள்.