கம்பெனி சாமான் என்று சொல்லி டூப்ளிகேட் சிலிண்டர்: செயின்சா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சாயல்குடி, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் செயின்சாவை வைத்து வேலிக்கருவை அறுத்துக் கரிமூட்டத்துக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். நானும் என் மைத்துனரும் அதில் இருவர். எங்கள் மிஷினுக்குக் கம்பெனி சிலிண்டர் போட்டதாகப் பணம் வாங்கிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத ஒன்றை மாட்டிக் கொடுத்த ஒரு பட்டறையைப் பற்றியது இந்தப் பதிவு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வேலை நடப்பதால் பட்டறையின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. இந்த வித்தை தெரிந்த பட்டறை அது ஒன்று மட்டும்தான் என்று நான் நம்பவும் இல்லை.

மிஷின் பல வருடம் உழைத்தது. பங்குனி, சித்திரை வெயிலில் அறுத்துக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைய ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இரைச்சல் உடனே இறங்காது. சற்று நேரம் தன் போக்கில் அலறிவிட்டுத்தான் அடங்கும். ஒரு நாள் சூட்டோடு நின்றுவிட்டது. பட்டறைக்காரர் சைலன்சரைக் கழற்றி, துவாரத்துக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். "சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த செட்டையே மாற்ற வேண்டும். நான் கம்பெனி சாமான் தவிர வேறு எதையும் தொடுவதில்லை" என்றார். கம்பெனி விலையையும் வாங்கிக்கொண்டார். ரசீதில் 'மிஷின் ரிப்பேர்' என்று ஒரே வரி, கீழே தொகை. கழற்றிய பழைய சிலிண்டரைக் கேட்டபோது, "அது எடைக்குப் போய்விட்டது" என்ற பதில்தான் கிடைத்தது. முதல் நாள் கழற்றிய சாமான் மறுநாளே எடைக்குப் போகும் அளவுக்கு அந்தப் பட்டறை சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

புதிய செட் ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. தூர் ஒன்றை அறுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு கயிறு இழுக்க வரவில்லை. திரும்பக் கொண்டுபோனால் மிஷினைத் திறக்காமலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பெட்ரோலில் ஆயில் குறைத்துக் கலந்திருக்கிறீர்கள்." இங்கே யாருக்கும் இந்தப் பதில் புதிதாக இருக்காது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் எதற்காக நின்றாலும் பழி ஆயில் மேல்தான். நாங்கள் கலப்பது லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு அதுதான். அதே கேனிலிருந்து ஊற்றிய மைத்துனரின் மிஷின் இன்றைக்கும் மரம் அறுத்துக்கொண்டிருக்கிறது.

கீழக்கரையில் நாட்டுப்படகு இன்ஜின் பார்க்கும் பாய் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் சிலிண்டரை உருவி, துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஆயில் இல்லாமல் தேய்ந்திருந்தால் பிஸ்டனின் பக்கவாட்டில் பரவலாக ஈயம் பூசிய மாதிரி இழுத்திருக்கும். இதில் பிஸ்டனின் முகம் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. பிஸ்டனை ராடோடு கோக்கும் பின்னின் ஒரு முனைக்கு நேராக மட்டும், மேலிருந்து கீழாக, நகம் உள்ளே போகிற ஆழத்துக்கு ஒரே ஒரு பள்ளம். "தம்பி, இது ஆயில் போட்ட கீறல் இல்லை, லாக் போட்ட கீறல்" என்றார். லாக் என்பது அந்தப் பின்னை நகராமல் பிடிக்கும் கம்பி வளையம். அது ஒரு பக்கம் இருந்தது, மறு பக்கம் இல்லை. அது கழன்று சுவரைச் சுரண்டிவிட்டு, கீழே சுழலும் கிரேங்க் தண்டின் பக்கம் விழுந்திருக்கிறது. உடைந்த துண்டைக் கீழே பேரிங்குக்குள்ளிருந்து ஊசிமூக்குக் குறடால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிச்சமிருந்த லாக்கை விரல்களால் நெருக்கினால் நெருக்கிய இடத்திலேயே நின்றது. வில்லாக விரிய வேண்டிய கம்பி அது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் போகும் இன்ஜினுக்குள் அதை நம்பித்தான் அந்த பிஸ்டன் பின் நின்றிருக்கிறது.

சிலிண்டரிலும் கம்பெனி அடையாளமோ எண்ணோ கிடையாது. கம்பெனிச் சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த கடினமான பூச்சு இருக்கும். துவார விளிம்புகளை லேசாகச் சரித்து இழைத்திருப்பார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதைத் தாண்டும்போது மாட்டாமல் இருப்பதற்காக. இதில் விளிம்பை விரலால் தடவினாலே பிளேடு மாதிரி கூர் தெரிந்தது. மலிவு செட்டை மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், விளிம்பை இழைத்து, கூடவே வரும் லாக்கையும் ரிங்கையும் எறிந்துவிட்டு நல்லதாக வாங்கிப் போடுவேன் என்றார் பாய். அந்த லாக்கின் விலை ஒரு டீ, வடைக் காசைத் தாண்டாது.

இதைவிட எனக்கு எரிச்சல் வந்தது அவர் அடுத்துச் சொன்னதில். முதல் சிலிண்டரை மாற்ற வேண்டிய அவசியமே இருந்திருக்காதாம். சூட்டில் பிஸ்டன் சுவரோடு உரசி இழுக்கும்போது பெரும்பாலும் பிஸ்டனின் அலுமினியம்தான் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும். அடியில் பூச்சு முழுதாக இருந்தால், அப்பியதை அமிலம் தொட்டுக் கரைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் புதுப் பிஸ்டனை மட்டும் போட்டால் போதும். அந்தப் பழைய சிலிண்டர் எடைக்குப் போனதா, வேறு யார் மிஷினிலாவது ஏறியதா என்பது அந்தப் பட்டறைக்காரருக்குத்தான் வெளிச்சம்.

அது மட்டுமில்லை. முதல் பிஸ்டன் ஏன் இழுத்தது என்று பட்டறைக்காரர் பார்க்கவே இல்லை. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் அறை கிடையாது; பெட்ரோலோடு உள்ளே வரும் ஆயில்தான் மசகு. கிரேங்கின் ஆயில் சீல் தேய்ந்தாலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்தாலோ, காற்று குறுக்கு வழியில் உள்ளே புகும். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் குறைகிறது, பெட்ரோலோடு ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. விட்ட பிறகும் மிஷின் அலறியதற்குக் காரணம் அதுதான். இதைக் கண்டுபிடிக்கச் சோதனை இருக்கிறது: சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, கை பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது, பிறகு காற்றை உறிஞ்சியும் பார்ப்பது. பாய் பார்த்தபோது அழுத்தத்தில் நின்ற முள் உறிஞ்சும்போது நிற்கவில்லை. ஒரு பக்க ஆயில் சீல் போயிருந்தது. அசல் கம்பெனி சிலிண்டரையே போட்டிருந்தாலும் அதுவும் இழுத்துத்தான் இருக்கும். செட் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் "காற்றுச் சோதனை போட்டீர்களா?" என்று கேளுங்கள். விழித்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேறு கம்பெனி உதிரி என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), செயின், ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) இவற்றில் நல்ல பெயர் எடுத்த வேறு கம்பெனிகள் உண்டு, நானே வாங்குகிறேன். அளவு மட்டும் பொருந்த வேண்டும். பாரின் அடியில் பிட்சும் (செயின் கண்ணிகளின் இடைவெளி அளவு) செயின் இறங்கி ஓடும் காடியின் அகலமும் பொறித்திருக்கும், 1.5 மில்லிமீட்டர் காடிக்கு 1.6 செயின் இறங்காது. நம் பக்கம் மணலும் உப்புக்காற்றும் தூர் நெடுகப் படிந்திருக்கும், எந்தக் கம்பெனி செயினும் சீக்கிரம் மழுங்கும். சீவலாக விழ வேண்டியது மாவாக விழுந்தால் அழுத்தி அறுக்காமல் அரம் போடுங்கள். இன்ஜின் சூடேற அதுவும் ஒரு காரணம். ஆனால் லாக், ஆயில் சீல், கார்புரேட்டர், செயின் பிரேக் பட்டை இவற்றில் மலிவு பார்ப்பதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். எங்கள் மிஷினில் செயின் அறுந்து பின்னால் வந்தால் பிடிக்கும் சின்னக் கொக்கியைக்கூட அந்தப் பட்டறையில் திரும்ப மாட்டவில்லை. வலது கையின் விரல்களைக் காக்கிற சாமான் அது. கேட்டதற்கு, "அது இல்லாமலும் ஓடும்" என்றாராம் மைத்துனரிடம்.

ரசீது விஷயத்துக்கு வருகிறேன். உதிரியின் பெயர், எண், கம்பெனி, விலை தனித்தனியாக எழுதாத ரசீதை வாங்காதீர்கள். வேலைக்கு விடும்போதே, கழற்றிய சாமான் திரும்ப வேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். "தொழிலுக்கு வைத்திருக்கும் மிஷின், நுகர்வோர் சட்டம் உனக்குச் செல்லாது" என்று பட்டறைக்காரர் என்னிடம் சட்டம் பேசினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து வயிறு கழுவுவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கமே இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டால் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

வக்கீல் நோட்டீஸ் போன பிறகு பட்டறையிலிருந்து ஆள் வந்தது. பாதிப் பணம் தருகிறார்களாம். ஒரே நிபந்தனை, மாட்டிக் கொடுத்த அந்தச் சிலிண்டரையும் பிஸ்டனையும் உடைந்த லாக் துண்டோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன், பதில் இல்லை. எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, துணியில் சுற்றி வீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். முழுப் பணமும் எழுத்தில் வராமல் அது பெட்டியை விட்டு வெளியே வராது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.